குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம்: தண்டனையைக் கூட்டினால் போதுமா?

குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கும் சட்டங்களையும் தண்டனைகளையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லாக் கடிதங்களும் பெயரின்றியே அச்சாகின்றன.

கேள்வி: சிறுவர்களை வேலைக்கு வைப்பவர்களுக்குப் பத்தாண்டுச் சிறை என்று ஒரு சட்டம் வந்துவிட்டால் இந்தக் கொடுமை நின்றுவிடாதா? இப்போதுள்ள இரண்டாண்டுத் தண்டனை யாரை அச்சுறுத்தும்?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால், நீங்கள் கேட்கும் பத்தாண்டுச் சிறை நம் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சுரண்டும் நோக்கத்துடன் ஒரு குழந்தையை ஏமாற்றியோ, மிரட்டியோ, பெற்றோருக்குப் பணம் கொடுத்து இணங்க வைத்தோ அழைத்துச் செல்வது ஆள்கடத்தல் ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவின்படி, கடத்தப்பட்டது குழந்தையானால் தண்டனை பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல். அது ஆயுள் சிறை வரையிலும் நீளலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை வேலைக்கெனக் கொத்தடிமையாக வைத்திருப்பவருக்கும், அவருடைய கூலியைப் பிடித்து வைத்துக்கொள்பவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

அப்படியானால் நாம் செய்தித்தாளில் படிப்பதெல்லாம் ஏன் சில ஆயிரம் ரூபாய் அபராதத்துடன் முடிகிறது? மீட்பு நடந்த இரவில் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவுகள் எழுதப்படுகின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. பல வழக்குகளில் 1986-ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் மட்டும் குறிப்பிடப்படுகிறது. முன்பணம் கொடுத்தது, கூலியைக் கொடுக்காதது, வெளியே விடாமல் பூட்டி வைத்தது ஆகியவற்றைப் பற்றி அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு வாக்குமூலத்தில் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் கடுமையான பிரிவு நிற்காது. சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் வற்புறுத்த வேண்டியது, மீட்கப்படும் ஒவ்வொரு குழந்தையிடமும் இந்த மூன்று செய்திகளையும் கட்டாயம் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியைத்தான் என்பேன்.

இனி 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். தொடக்கத்தில் அதில் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று உயர்த்தியது. மீண்டும் அதே குற்றம் செய்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றமாகவும் அது மாறியது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆயினும் 'அல்லது' என்ற சொல் அங்கே நீடிக்கிறது. சிறையே இன்றி அபராதத்தோடு வழக்கை முடிக்க அது இடம் கொடுக்கிறது. மேலும், முதல் முறை குற்றம் செய்தவர் ஒரு தொகையைக் கட்டிவிட்டு மாவட்ட நடுவர் (மாவட்ட ஆட்சியர்) முன் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளவும் அதே திருத்தம் வழி செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவருக்குக் கொடுக்கும் கூலியைவிட நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் குறைவாக ஒரு சிறுவனுக்குக் கொடுக்கிறார் ஒரு முதலாளி என்று வைத்துக்கொள்வோம். நூறு நாளில் அவர் மிச்சம் பிடிப்பது இருபதாயிரம். அதாவது சட்டத்தின் குறைந்தபட்ச அபராதம் நூறே நாள் சேமிப்பில் கட்டி முடிந்துவிடுகிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. இருபது ஆண்டுகள் கழித்துச் சட்டத்தைத் திருத்தியபோதும் குறைந்தபட்ச அபராதம் அதே இருபதாயிரத்தில்தான் நின்றது. இடைப்பட்ட காலத்தில் பணத்தின் மதிப்பு எவ்வளவு தேய்ந்தது என்பதை எந்தக் குடும்பமும் அறியும். எனவே, அபராதத்தைக் குறிப்பிட்ட தொகையாக எழுதாமல், அந்தக் குழந்தை உழைத்த காலத்துக்குரிய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியின் பல மடங்காக எழுத வேண்டும். அப்போதுதான் குற்றத்தில் கிடைத்த லாபத்தைத் தண்டனை எட்டிப் பிடிக்கும்.

பிடிபடும் வாய்ப்பு இல்லாத இடத்தில் தண்டனையின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் பயன் இல்லை. பிரிட்டனில் 1802-லும் 1819-லும் ஆலைகளில் உழைத்த குழந்தைகளுக்காகச் சட்டங்கள் வந்தன. கண்காணிக்கத் தனி அலுவலர்கள் இல்லாததால் அவை ஏட்டிலேயே தங்கின. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியம் பெறும் ஆய்வாளர்களை முதன்முறையாக நியமித்தது. நாடு முழுமைக்கும் நான்கே பேர்தான் என்றாலும், அதன் பிறகுதான் அந்தச் சட்டங்களுக்கு உயிர் வந்தது. அரைகுறையாக அமலாகும் சட்டம் கேடு விளைவிக்கவும் கூடும். நமது 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், அது வந்த பின் குழந்தைகளின் கூலி சரிந்ததையும், அதை ஈடுகட்ட ஏழைக் குடும்பங்கள் முன்பைவிட அதிகமாகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியதையும் கண்டார்கள். பிடிபட்டால் கட்ட வேண்டிய அபராதத்தை முதலாளி முன்கூட்டியே குழந்தையின் கூலியில் கழித்துக்கொண்டார் என்பதே இதன் பொருள். சட்டத்தைக் கடுமையாக்கும் எந்தத் திருத்தமும் ஆய்வாளர் எண்ணிக்கையையும் சோதனைகளையும் கூட்டாமல் வந்தால், அந்தச் சுமையும் அதே தோளில்தான் விழும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண் பிள்ளை எல்லா வேலையும் செய்கிறாள். கேட்டால் "சொந்தக்காரப் பிள்ளை, வீட்டோடு இருக்கிறாள்" என்கிறார்கள். அவள் பள்ளிக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. இது குற்றமா? அக்கம்பக்கத்து உறவும் கெடாமல் நான் என்ன செய்யலாம்?
— இல்லத்தரசி ஒருவர்

பதில்: குற்றமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், அம்மா. வீட்டு வேலைக்குச் சிறுவர்களை வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே தடை செய்யப்பட்டது. 2016-க்குப் பிறகு பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்பதே பொது விதி. இரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. ஒன்று, திரைப்படம், தொலைக்காட்சி போன்ற கலைத்துறை. மற்றொன்று, பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ, ஆபத்து இல்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவுவது.

சட்டம் சொல்லும் 'குடும்பம்' என்பது குழந்தையின் தாய், தந்தை, உடன்பிறந்தோர், தந்தையின் உடன்பிறந்தோர், தாயின் உடன்பிறந்தோர் ஆகியோர் மட்டுமே. அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா, பெரியம்மா, பெரியப்பா என்று நெருங்கிய உறவோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. தூரத்து உறவினர் அதில் வரமாட்டார். அந்த வீட்டுப் பெண்மணி உண்மையிலேயே அவளுடைய சித்தியாக இருந்தாலும், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால் விலக்கு பொருந்தாது. ஏனெனில் உதவி என்பது படிப்புக்கு இடையூறு செய்யாததாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை.

இந்த விலக்கை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். தன் தந்தையின் தறியில் மாலையில் ஓர் அரை மணி உதவும் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டின் அருகே நிறுத்தக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த விலக்கு இது. நடைமுறையில், ஒப்பந்தக்காரர்கள் ஆலைக்குள் செய்த வேலையைச் சிப்பம் சிப்பமாக வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப இது உதவுகிறது. பீடி சுற்றுதல், பூத்தையல், பொட்டலம் போடுதல் என்று வேலை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், ஆய்வாளர் கதவைத் தட்டும்போது எல்லாக் குழந்தையும் 'உதவிக்கொண்டிருக்கும்' குழந்தையாகிவிடுகிறது. வெளியிலிருந்து துண்டுக்கூலிக்கு வரும் வேலையைக் குடும்பத் தொழில் என்ற வரையறையிலிருந்து நீக்குவதே திருத்தங்களில் முதன்மையானதாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வீட்டாரிடம் முன்கூட்டி வாதிட வேண்டாம். வாதிட்டால் மறுநாள் அந்தப் பிள்ளை வேறு ஊருக்கு அனுப்பப்பட்டுவிடக் கூடும். அவளைப் புகைப்படம் எடுத்துக் கைப்பேசியில் பரப்பவும் வேண்டாம். முகவரி, தோராயமான வயது, அவள் வேலை செய்யும் நேரம் ஆகிய மூன்றும் போதும். வயதை உறுதி செய்வதும் உறவை விசாரிப்பதும் அலுவலர்களின் பொறுப்பு.

கேள்வி: பெற்ற பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தாய் தந்தையரை முதலில் சிறையில் போட வேண்டாமா? எங்கள் பள்ளியில் இடைநிற்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசிப் பேசி எங்களுக்கு அலுத்துவிட்டது.
— அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: உங்கள் அலுப்பு புரிகிறது. ஆனாலும் இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பெற்றோர் முதல் முறை தவறு செய்தால் தண்டனை இல்லை, மீண்டும் செய்தால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பதே இன்றைய சட்டம். அதுவே போதும். தந்தையைச் சிறைக்கு அனுப்பினால் அந்த வீட்டில் சம்பாதிக்கக் கூடியவராக எஞ்சுவது யார் என்று எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன அதே பிள்ளைதான் மறுபடியும் வேலைக்குப் போக நேரும். தன்னால் தந்தை சிறைக்குப் போவார் என்று தெரிந்த பிள்ளை உண்மையான வயதையும் சொல்லாது, முதலாளியின் பெயரையும் சொல்லாது.

பல வீடுகளில் பெற்றோர் பிள்ளையை அனுப்புவது ஒரு கடனுக்கு ஈடாகத்தான். மருத்துவச் செலவுக்கோ திருமணத்துக்கோ வாங்கிய முன்பணத்தைக் கழிக்கப் பிள்ளை உழைக்கிறது. அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தக் கடன் சட்டப்படி அழிந்துவிட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இந்த ஒரு செய்தியை வீடு வீடாகச் சொன்னாலே எத்தனையோ பேருக்கு மூச்சு வரும். ஆனால் அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவைப் படிக்கும்போது வேதனையாக இருக்கிறது. கொத்தடிமை வேலை வாங்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறையுடன் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று 1976-இல் எழுதிய தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. கடுமையாக்க வேண்டிய பிரிவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

உங்கள் கையில் இருக்கும் ஒரு கருவியையும் நினைவூட்டுகிறேன். முன்னறிவிப்பின்றி முப்பது நாள் தொடர்ந்து ஒரு பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், தலைமை ஆசிரியர் அதை உரிய பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் விதிகளே கூறுகின்றன. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் விடுப்புக் குறிதான் பல நேரங்களில் கிடைக்கும் முதல் சான்று. அதை எழுத்தில் அனுப்பி, நகலைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சிறு பட்டறை நடத்துகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலை கேட்கிறான். சேர்த்துக்கொள்வது சட்டப்படி சரியா?
— சிறுதொழில் முனைவோர் ஒருவர்

பதில்: கேட்டுச் செய்ய நினைத்ததற்கு நன்றி. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களைச் சட்டம் 'வளரிளம் பருவத்தினர்' என்கிறது. சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருள்கள், வெடிபொருள்கள், தொழிற்சாலைச் சட்டம் அபாயகரமானவை என்று வரையறுத்த செய்முறைகள் ஆகியவற்றில் அவர்களை அறவே சேர்க்கக் கூடாது. இந்தப் பட்டியல் 2017-இல் அறிவிக்கை மூலம் மேலும் விரிக்கப்பட்டிருப்பதால், உங்கள் பட்டறையின் வேலை அதில் வருகிறதா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வராது என்றாலும் நிபந்தனைகள் உண்டு. இடைவேளையையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அவன் அங்கே இருக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை கூடாது. இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை வேலை வாங்கக் கூடாது. மிகை நேர வேலையே கிடையாது, வார விடுமுறை கட்டாயம். பிறந்த தேதி, வேலை நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைக் காட்டும் பதிவேடு இருக்க வேண்டும். கூலியை மாதாமாதம் அவன் கையிலோ அவன் வங்கிக் கணக்கிலோ முழுமையாகக் கொடுங்கள். சில ஆண்டுகள் வேலை பார்த்து முடித்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லித் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் வளரிளம் பெண்களின் ஊதியத்தைப் பிடித்து வைத்த வழக்கம், நான் முதலில் குறிப்பிட்ட இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆவது பிரிவின் கீழ் வரும் என்பதே என் கருத்து.

கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுவதால்தான் இந்தப் பையன் உங்கள் வாசலில் நிற்கிறான். முடிந்தால் அவனைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சித் தொடர்களில் குழந்தைகள் நாள் முழுதும் நடிப்பது மட்டும் எப்படிக் குற்றமில்லை?
— ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர்

பதில்: நாள் முழுதும் நடித்தால் அதுவும் விதிமீறல்தான். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளையின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது, மாவட்ட நடுவரின் அனுமதி வேண்டும், வருமானத்தில் இருபது விழுக்காட்டுக்குக் குறையாத தொகையைக் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. இவற்றைப் படப்பிடிப்புத் தளத்துக்கே போய்ச் சரிபார்ப்பவர்கள்தான் போதவில்லை.

கேள்வி: மீட்கப்பட்ட குழந்தைகள் சில மாதங்களில் அதே வேலைக்குத் திரும்பிவிடுவதாகப் படிக்கிறோம். பிறகு இந்தச் சோதனைகளால் என்ன பயன்?
— வாசகி ஒருவர்

பதில்: திரும்புகிறார்கள் என்பது பல இடங்களில் உண்மை. சோதனைகளை நிறுத்துவதற்கு அது காரணமாகாது. சோதனைக்கு மறுநாளிலிருந்து நடக்க வேண்டியவை நடக்கவில்லை என்பதையே அது காட்டுகிறது.

எம்.சி. மேத்தா தீர்ப்பு இதை அன்றே உணர்ந்திருந்தது. வேலையிலிருந்து எடுக்கப்படும் குழந்தைக்குப் பதிலாக அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க அரசு முயல வேண்டும், முடியாவிட்டால் அக்குழந்தையின் பெயரில் ஐயாயிரம் ரூபாயை நிதியில் செலுத்த வேண்டும் என்றது அது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் மறுவாழ்வு நிதி ஒன்றை ஏற்படுத்தி, முதலாளியிடம் வசூலிக்கும் அபராதத்தோடு குழந்தை ஒன்றுக்குப் பதினைந்தாயிரம் ரூபாயை அரசும் சேர்க்க வேண்டும் என்கிறது. கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால், உடனடியாகக் கிடைக்கும் சிறு தொகை போக, மீதி முதலாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு எத்தனை ஆண்டு நடக்கிறதோ அத்தனை ஆண்டு அந்தக் குடும்பம் காத்திருக்க வேண்டும். முதலாளி விடுதலையானால் குழந்தை பட்ட பாடு பொய்யாகிவிடுமா? இந்தப் பிணைப்பை அறுத்துவிட வேண்டும். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கு அரசு தரும் விடுவிப்புச் சான்றிதழ் கையில் இருந்தாலே முழுத் தொகையும் கிடைக்க வேண்டும்.

வழக்கு ஏன் தோற்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். வெளிமாநிலத்திலிருந்து வந்த குழந்தை மீட்கப்பட்ட சில வாரங்களில் சொந்த ஊருக்கு அனுப்பப்படுகிறது. சாட்சி சொல்ல அழைப்பாணை போகும்போது அது வளர்ந்து வேறெங்கோ வேலையில் இருக்கும். வந்தாலும், ஊரில் உள்ள தரகர் மிரட்டியதால் பிறழ் சாட்சியாகிவிடும். காணொலி மூலம் சாட்சியம் பெறப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. குழந்தை வசிக்கும் மாவட்டத்து நீதிமன்ற வளாகத்திலிருந்தே, மீட்பு நடந்த சில மாதங்களுக்குள் அதைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினால், தண்டனைக் காலத்தை இரட்டிப்பாக்குவதைவிடப் பெரிய பயன் விளையும்.

கேள்வி: இன்று எத்தனை குழந்தைகள் வேலை செய்கிறார்கள்?
— போட்டித் தேர்வு எழுதும் மாணவி ஒருவர்

பதில்: இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து முதல் பதினான்கு வயது வரை சுமார் 1.01 கோடிப் பேர்; 2001-இல் அது 1.26 கோடி. உலக அளவில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 13.8 கோடிக் குழந்தைகள், அவர்களில் 5.4 கோடிப் பேர் அபாயகரமான வேலையில் இருக்கிறார்கள். பெரும்பகுதியினர் இருப்பது ஆலைகளில் அல்ல, வேளாண்மையில். நம் சோதனைக் குழுக்கள் கடைத்தெருவுக்குப் போகும் அளவுக்கு வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் போவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கடையில் சிறுவன் வேலை செய்வதைப் பற்றித் தகவல் கொடுத்தேன். நடவடிக்கை எதுவும் இல்லை. இனி நான் எங்கே போவது?
— வாசகர் ஒருவர்

பதில்: தொலைபேசித் தகவலோடு நிற்க வேண்டாம். மாவட்ட ஆட்சியருக்கு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெறுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் நகல் அனுப்புங்கள். மத்திய அரசின் பென்சில் என்னும் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். அதன் மீது என்ன செய்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இவை எதுவும் அசையாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அதைப் பலரும் அறிந்திருக்கவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, 'எந்த ஒரு நபரும்' உரிய நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் தாக்கல் செய்யலாம் என்கிறது. ஆய்வாளரின் அனுமதியோ காவல் நிலையத்தின் பரிந்துரையோ அதற்குத் தேவையில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.